இல்லை என்று சொல்ல ஆளில்லை

2025 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. காலை பத்தரை மணி. வகுப்பு முடிந்து வெளியே வந்த நாம், ஆசிரியர் அறைக்குக்கூடப் போகாமல் தாழ்வாரத்துத் தூணோரம் நின்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. டல்லாஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகர் வீட்டில் நம் அக்காவும் அத்தானும் அவர்களுடைய பதினாறு வயது மகளும் உறங்காமல் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். மேசையின் நடுவில் அந்தப் பெண்ணின் கைப்பேசி. விடிந்தால் தொழிலாளர் தின விடுமுறை, பள்ளி இல்லை.

அவள் சாஃப்ட்பால் ஆடுகிறவள். பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்ட சாஃப்ட்பால் பெண்களிடம் முதல் நிலைக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அந்த ஆண்டின் செப்டம்பர் 1 முதல்தான் பேசலாம், எழுதலாம் என்பது அங்குள்ள விதி. எனவே அந்த நள்ளிரவுக்காக நாடு முழுவதும் பெண்கள் விழித்திருக்கிறார்கள். பன்னிரண்டு அடித்த மறு நிமிடமே சிலருடைய கைப்பேசிகள் ஒலிக்கத் தொடங்கிவிடும். அவளுடைய அணியிலேயே இரண்டு பெண்களுக்கு அன்று அப்படி ஒலித்தன. முக்கால் மணி நேரம் கழித்து நமக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “மாமா, ஒண்ணும் வரலை. தூங்கப் போறேன்.”

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கத்தில் இக்கட்டுரையை எழுதவில்லை. இடங்கள் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம். யாரோ சிலருக்குத்தான் கிடைக்கும் என்பது அவளுக்கே தெரியும். பள்ளி அளவில் விளையாடும் அமெரிக்க மாணவர்களில் ஏதேனும் ஒரு நிலையில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர்தான் என்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே சொல்கிறது. நம் வருத்தம் வேறு. நான்கு ஆண்டுகளாக அவள் எழுதிய கடிதங்களுக்கு ‘இல்லை’ என்ற பதில்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

*

சாஃப்ட்பால் பற்றி நம் வாசகர்களுக்குச் சிறிது சொல்லியாக வேண்டும். 1887இல், நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில் ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகக் கட்டி உள்ளரங்கில் தொடங்கிவைத்த வேடிக்கை இது என்பார்கள். பெயரை நம்பி இதை ‘மென்பந்து’ என்று மொழிபெயர்த்தால் ஏமாந்துபோவோம்; மேலே பட்டால் எலும்பு முறியும் அளவுக்குக் கடினமான பந்து. சுற்றளவு 12 அங்குலம். பிட்சர் தன் கையைக் காற்றாலை இறக்கைபோல முழுவட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து எறிகிறாள். கல்லூரி ஆட்டத்தில் அவளுக்கும் மட்டைக்காரிக்கும் இடையே 43 அடிதான்.

கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல் வந்தது. அதுவரை பெயரளவுக்கு இருந்த பெண்கள் விளையாட்டுக்கு அதன்பின் பணமும் மைதானமும் பயிற்சியாளரும் வந்தன. 1982 முதல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான சாஃப்ட்பால் தேசியப் போட்டியை நடத்துகிறது. 1990 தொடங்கி, ஓர் ஆண்டு நீங்கலாக, அதன் இறுதிக் கட்டம் ஓக்லஹோமா சிட்டியில்தான் நடந்துவருகிறது. இன்று அந்த நாட்டில் ஒரு பெண் குழந்தை மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவதை வீட்டார் பெருமையாகப் பார்க்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் காலச் சட்டப் போராட்டம் இருக்கிறது. அதைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கம் அல்ல. நல்ல நோக்கத்தோடு எழுந்த ஒரு வீட்டின் வாசலில் குழந்தைகளை ஏன் இப்படி நிறுத்திவைக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

*

2025 மே மாதக் கடைசியில் கோடை விடுமுறைக்கு நாம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். போன மூன்றாம் நாளே மைதானத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். பள்ளி அணி வேறு, இது வேறு. ஊர் ஊராகச் சென்று ஆடும் தனியார் அணி. ‘டிராவல் பால்’ என்கிறார்கள். ஒரே வளாகத்தில் எட்டுப் பத்து ஆடுகளங்கள். காலை எட்டு மணி தொடங்கி இரவு விளக்கொளி வரை ஆட்டம். கொளுத்தும் வெயில். பெற்றோர்கள் குடையும் குளிர்பெட்டியுமாக ஒரு பக்கம். தடுப்பு வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் வேறு சிலர். அவர்களுடைய சட்டையில் ஏதேனும் ஒரு கல்லூரியின் சின்னம். கையில் நிறுத்துக் கடிகாரமும் குறிப்பேடும். அவர்கள் யாரோடும் பேசுவதில்லை, சிரிப்பதும் இல்லை. ஒரு களத்தில் இரண்டு இன்னிங்ஸ் பார்த்துவிட்டு எழுந்து அடுத்த களத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அக்கா மகள் கேட்சர். எதிரணிக்காரி இரண்டாம் பேஸைத் திருட ஓடும்போது, பந்து இவளுடைய கையுறையைத் தொட்ட கணத்திலிருந்து இவள் எழுந்து எறிந்து அது ஏறத்தாழ 85 அடி தொலைவில் நிற்பவளின் கையுறைக்குள் போய்ச் சேரும் கணம் வரை ஆகும் நேரத்தை ‘பாப் டைம்’ என்கிறார்கள். விநாடியின் பத்தில் ஒரு பங்குக்காக இவள் இரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறாள். அன்று மூன்றாம் இன்னிங்ஸில் அப்படி ஓர் ஓட்டக்காரியை வீழ்த்தினாள். நாம் எழுந்து நின்று கை தட்டினோம். அவளோ முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு அந்த மடக்கு நாற்காலிகளைத்தான் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அதில் இருந்தவர் ஐந்து நிமிடங்களுக்கு முன்பே எழுந்து போயிருந்தார்.

இரவு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மடிக்கணினி முன் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். நமக்கும் காட்டினாள். பெயர், பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண் சராசரி, பாப் டைம், காணொளியின் சுட்டி, அடுத்த வாரம் எந்தக் களத்தில் எத்தனை மணிக்கு ஆடுகிறாள், சட்டை எண் என்ன என்ற விவரம். ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கல்லூரி அணியைப் பற்றி இரண்டு வரிகள் புதிதாக எழுத வேண்டுமாம். நகல் எடுத்து அனுப்பினால் மரியாதை இல்லையாம். பெற்றோர் எழுதிக் கொடுக்கக் கூடாது, பெண்ணே எழுத வேண்டும் என்பது அங்குள்ள பயிற்சியாளர்களின் எதிர்பார்ப்பு. பதின்மூன்று வயதிலிருந்து அவள் இப்படி எழுதி வருகிறாள். “இதுக்கெல்லாம் பதில் வருமாம்மா?” என்று கேட்டோம். “செப்டம்பர் ஒண்ணு வரைக்கும் அவங்க பதில் போடக்கூடாது மாமா. ரூல்” என்றாள்.

*

இந்த விதியின் வரலாறு அறியத்தக்கது. 2018க்கு முன்பு நிலைமை வேறு. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கும் சிறுமிகள், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஆடுவதாக வாய்மொழியாக உறுதி அளித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர்களும் வாய்மொழியாக இடம் அளித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தனக்கு எந்த ஊர், எந்தப் படிப்பு பிடிக்கும் என்று எந்தக் குழந்தைக்குத் தெரியும்? அந்த வாய்மொழி உறுதி இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது இன்னொரு வேடிக்கை. இந்தப் பந்தயத்தால் பயிற்சியாளர்களே சலித்துப்போனார்கள். 2018 ஏப்ரலில் முதல் நிலைக் கல்லூரிகளுக்குப் புதிய விதி வந்தது: பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் எந்தப் பேச்சும் கூடாது.

நல்ல விதி. குழந்தைப் பருவத்தை மூன்று நான்கு ஆண்டுகள் நீட்டித்துக் கொடுத்த விதி. ஆனால் அது பேசுவதைத்தான் தடுத்தது; பார்ப்பதையும் எதிர்பார்ப்பதையும் தடுக்கவில்லை. குழந்தைகள் கடிதம் எழுதலாம், பயிற்சியாளர் பதில் போடக்கூடாது. விளைவு என்ன? ஒரு பயிற்சியாளர் மௌனமாக இருந்தால் அது விதியினாலா, விருப்பம் இல்லாததினாலா என்று அறிய வழியே இல்லை. இரண்டு மௌனங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. விதி என்ற திரைக்குப் பின்னால் எல்லா மறுப்புகளும் மறைந்துகொள்கின்றன.

அந்தத் திரையில் ஒரு சிறு ஓட்டையும் உண்டு. பயிற்சி முகாம்களுக்கான விளம்பரங்களையும் தகவல் படிவங்களையும் செப்டம்பர் 1க்கு முன்பே அனுப்பலாம். எனவே அந்தப் பெண்ணின் அஞ்சல் பெட்டியில் பதில்கள் வரவில்லையே தவிர, அழைப்புகள் வந்தவண்ணம் இருந்தன. ‘எங்கள் முகாமுக்கு உன்னை வரவேற்க ஆவலாக இருக்கிறோம்’ என்ற தோரணையில், அவளுடைய பெயரோடு வரும் அழைப்புகள். இது அவளை மட்டும் கருதி எழுதப்பட்டதா, படிவம் நிரப்பிய அத்தனை பேருக்கும் போனதா? கேட்கவும் முடியாது. அத்தான் கணினித் துறைக்காரர்; இவை பொதுமடல்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு முறையும் பணம் கட்டினார். “போகாம இருந்து, ஒருவேளை நெசமாவே கூப்பிட்டிருந்தாங்கன்னா?” என்றார். அந்த ‘ஒருவேளை’யின் மீதுதான் அந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது.

முகாம் ஒன்றுக்கு நாமும் உடன் போனோம். நூறு பெண்களுக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். கேட்சர்கள் மட்டும் பதினாறு பேர் என்று எண்ணிப் பார்த்தோம். அவர்கள் பள்ளி முடிக்கும் ஆண்டில் அந்த அணிக்குப் புதிதாக ஒரு கேட்சர் வேண்டியிருக்கலாம். ஒருவரும் வேண்டாமலும் இருக்கலாம். அந்த ஒரு தகவலை முகாமின் அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துப் போட்டிருந்தால், பதினாறு குடும்பங்களில் பாதி வீட்டில் இருந்திருக்கும். போடாததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

*

பிள்ளையின் கல்லூரிச் செலவு மிச்சமாகும் என்று நம்பித்தானே பெற்றோர் இத்தனை செலவு செய்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தக் கணக்கும் நேரானது அல்ல. முதல் நிலைக் கல்லூரி ஒன்று சாஃப்ட்பாலுக்கு அதிகபட்சம் 12 முழு உதவித்தொகைகள்தான் கொடுக்கலாம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. அதையும் இருபது பெண்களுக்குப் பிய்த்துக் கொடுக்கலாம். ஆகவே ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாதியோ காலோதான். இரண்டாம் நிலைக் கல்லூரிகளுக்கு உச்சவரம்பு 7.2. மூன்றாம் நிலைக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது.

2025 ஜூன் 6ஆம் நாள் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. அன்றிரவு ஓக்லஹோமா சிட்டியில் டெக்சாஸ் பல்கலைக்கழக அணி, டெக்சாஸ் டெக் அணியை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. இரண்டும் டெக்சாஸ் அணிகள் என்பதால் அக்கா வீட்டுத் தெருவே தொலைக்காட்சி முன் இருந்தது. அதே நாளில் கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரிகள் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்யும் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி 2025-26 கல்வியாண்டு முதல், உடன்படிக்கையில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை உச்சவரம்பு நீங்கியது. மாறாக, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. சாஃப்ட்பாலுக்கு 25 பேர். உதவித்தொகை பெறாமல் அணியின் ஓரத்தில் இடம் பிடித்து, உழைத்து மேலே வரலாம் என்று நினைத்த பெண்களுக்கு அந்த ஓரம் சுருங்கியது.

அந்த இறுதிப் போட்டியின் நட்சத்திரமாக இருந்தவர் தோற்ற அணியின் பிட்சர் நைஜாரி கனடி. 2024இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து டெக்சாஸ் டெக்குக்கு மாறியவர். ஓராண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தில் அவர் வந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. ஒரு பெண் தன் தோள் வலிமையால் இவ்வளவு ஈட்டுவதில் நமக்கு மகிழ்ச்சியே. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2018 அக்டோபரில் தொடங்கப்பட்ட இடமாற்றப் பதிவேடு, 2021க்குப் பின் ஓராண்டு ஆடாமல் காத்திருக்கும் தண்டனை இல்லாமல் ஒருமுறை கல்லூரி மாற வழிவிட்டது. 2024இல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. பயிற்சியாளரின் இடத்திலிருந்து பாருங்கள். கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே தேறிவிட்ட இருபது வயதுக்காரி கிடைக்கும்போது, பதினாறு வயதுப் பெண்ணுக்கு இப்போதே இடம் என்று ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும்? கொடுக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், இருக்கட்டும். தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ‘இருக்கட்டும்’தான் குழந்தையின் பக்கத்தில் ஒரு வருடக் காத்திருப்பாகிறது. நம் ஊரில் இலவு காத்த கிளி என்போம். கிளிக்காவது பழம் வெடித்துப் பஞ்சு பறப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் பெண்களுக்கு அதுவும் தெரிவதில்லை.

*

தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி முற்றிலும் புதியது அல்ல. புறத்திணையில் பரிசில் கடாநிலை என்றொரு துறை உண்டு. பரிசில் வேண்டி வந்த புலவன், வள்ளல் காலம் நீட்டிப்பதைக் கண்டு, தன் நிலையைச் சொல்லி நினைவூட்டுவது. புறநானூற்றின் 196ஆம் பாடல் இத்துறையைச் சேர்ந்தது. ஆவூர் மூலங்கிழார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பார்த்துப் பாடியது. அதன் கருத்து இவ்வளவுதான்: தரக்கூடியதைத் தருவேன் என்பதும், தர முடியாததை இல்லை என்று மறுத்துவிடுவதும் ஆகிய இரண்டுமே நல்லோர் செயல். முடியாததை முடியும் என்பதும், முடிந்ததை இல்லை என்பதும் கேட்டு வந்தவரை வருத்துவதோடு கொடுப்பவரின் புகழையும் கெடுக்கும்.

பல ஆண்டுகளாக இப்பாடலை வகுப்பில் நடத்திவருகிறோம். கொடையைப் போற்றும் பாடல் என்றே மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். மறுப்பையும் அறத்தின் பக்கம் வைத்த பாடல் அது என்பது, டெக்சாஸில் ஒரு குழந்தை இரவு பத்து மணிக்குப் பதில் வராத கடிதங்களை எழுதுவதைப் பார்த்த பிறகே நமக்கு உறைத்தது. புலவர் அரசனைக் குற்றம் சொல்வது அவன் கொடுக்கவில்லை என்பதற்காக அல்ல. கேட்டு வந்தவனைத் தெரியாத நிலையிலேயே நிறுத்திவைத்ததற்காக.

பயிற்சியாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுக்கலாகாது. ஒரு பயிற்சியாளருக்கும் அவருடைய இரண்டு மூன்று உதவியாளர்களுக்கும் வந்து குவியும் கடிதங்கள் நூற்றுக்கணக்கில். அணியை நடத்த வேண்டும், ஊர் ஊராகப் பயணம் செய்ய வேண்டும், தோற்றால் வேலை போகும். இதில் எல்லாருக்கும் உட்கார்ந்து பதில் எழுதுவது எப்படி என்பார்கள். நியாயம்தான். ஆனால் முகாம் அழைப்பை நூறு பேருக்கு ஒரே நொடியில் அனுப்பத் தெரிந்த கணினிக்கு, ‘உன் ஆண்டில் எங்களிடம் இடம் இல்லை’ என்ற ஒரு வரியை அனுப்பத் தெரியாதா? பணம் வாங்குவதற்கு இருக்கும் முகவரி, மறுப்புச் சொல்வதற்கு மட்டும் காணாமல் போவது எப்படி?

குழந்தைகள் மனம் உடைந்துவிடும் என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்கிறவர்கள் குழந்தைகளை அறியாதவர்கள். சாஃப்ட்பாலில் மிகச் சிறந்த மட்டைக்காரியும் பத்து முறையில் ஐந்தாறு முறை ஆட்டமிழந்து திரும்புகிறாள். தோல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி மட்டையைத் தூக்குவதைத்தான் அந்த ஆட்டம் பத்து வயதிலிருந்தே கற்றுக்கொடுக்கிறது. மறுப்பைத் தாங்க அவர்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எப்படித் தாங்குவது என்றுதான் தெரியவில்லை. தன்னிடம் என்ன குறை என்று அவர்கள் தேடத் தொடங்குகிறார்கள். பாப் டைமா, உயரமா, மதிப்பெண்ணா, கடிதத்தில் எழுதிய ஆங்கிலமா? அக்டோபரில் ஒருநாள் அவள் நம்மிடம், “மாமா, என் பேரை அவங்களுக்குப் படிக்கத் தெரியலையோ?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நமக்குச் சிரிக்க முடியவில்லை.

*

இவ்வளவு எழுதிய பிறகு, நம்மைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றும் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைக் குழுவில் நாமும் இருந்தோம். ஒரு கபடிப் பெண்ணின் தந்தை வந்தார். மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மஞ்சள் பையில் வைத்திருந்தார். அவர் வந்த அன்றே அந்த ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பிவிட்டன. அது நமக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல நா எழவில்லை. “பார்க்கலாம்யா, நாளைக்கு வாங்க” என்றோம். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நம் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் நின்றார். அந்த வாரத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிட்டது.

‘பார்க்கலாம்’ என்பது நம் மொழியில் எவ்வளவு மென்மையான சொல்! கேட்பவர் மனம் நோகக் கூடாது என்று சொல்வதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்வது அது. மறுப்பதன் சங்கடத்தை நாம் ஏற்க மறுத்து, அதை ஒரு வாரக் கூலி இழப்பாகவும் பேருந்துக் கட்டணமாகவும் அந்த மனிதர் தலையில் ஏற்றினோம். மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து போன அந்தப் பயிற்சியாளரை நாம் குறை சொல்கிறோமே, அவராவது ‘நாளைக்கு வா’ என்று சொல்லவில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதையும் அல்ல. முகாமுக்கு அழைக்கும் கல்லூரி, எந்த ஆண்டில் எந்த இடத்துக்கு ஆள் தேவை என்பதை அழைப்பிலேயே சொல்லட்டும். பணம் கட்டி வந்து ஆடிய பெண்ணுக்கு, செப்டம்பர் 1க்குப் பின் குறிப்பிட்ட நாளுக்குள் ‘ஆம்’, ‘இல்லை’, ‘இன்னும் முடிவு செய்யவில்லை, இந்தத் தேதியில் சொல்கிறோம்’ என்ற மூன்றில் ஒரு பதில் வரட்டும். பள்ளிகளும் டிராவல் பால் அணிகளும், முதல் நிலைக் கல்லூரி கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்ற எண்ணத்தைக் குழந்தைகளிடம் வளர்க்காமல் இருக்கட்டும். உதவித்தொகை இல்லாத மூன்றாம் நிலைக் கல்லூரிகளிலும், இரண்டாண்டுக் கல்லூரிகளிலும் ஆட்டத்தை நேசித்து ஆடும் பெண்கள் ஏராளம். அங்கே படிப்பும் நன்றாகவே நடக்கிறது. பெற்றோர்கள், ‘எங்கள் பெண்ணின் ஆண்டில் கேட்சருக்கு இடம் இருக்கிறதா?’ என்ற நேரடிக் கேள்வியைக் கேட்கத் தயங்காமல் இருக்கட்டும். பதில் வராவிட்டால், அந்தக் கல்லூரிக்கு அடுத்த முகாம் கட்டணத்தைக் கட்டாமல் இருக்கட்டும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் பேசினாள். ஒரு சிறிய கல்லூரியின் பயிற்சியாளரிடமிருந்து பதில் வந்திருந்தது. நான்கே வரிகள். உன் காணொளியைப் பார்த்தேன். உன் ஆண்டில் எங்களுக்கு இரண்டு கேட்சர்கள் உறுதியாகிவிட்டார்கள். எனவே இடம் இல்லை. உன் எறியும் கை நன்றாக இருக்கிறது, தொடர்ந்து ஆடு. அவ்வளவுதான். அதை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறாளாம். “இல்லைன்னுதானே எழுதியிருக்காங்க, அதைப் போய் ஏன் ஒட்டி வெச்சிருக்கே?” என்று அக்கா கேட்டதற்கு, “இவங்க என் வீடியோவைப் பார்த்திருக்காங்கம்மா” என்றாளாம்.

இன்னும் அவளுக்கு எங்கும் இடம் உறுதியாகவில்லை. கடிதம் எழுதுவதையும் நிறுத்தவில்லை. நாம் அவளுக்குச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஆனால் வரும் சேர்க்கைப் பருவத்தில் நம் அறை வாசலில் யாரேனும் செருப்பைக் கழற்றினால், முதலில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லப் போகிறோம். இடம் இல்லையென்றால் அன்றைக்கே, அவர் முகத்தைப் பார்த்தே, இல்லை என்று சொல்லப் போகிறோம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் கடைசி நாள் எது என்பதையும் சேர்த்து.